தண்ணீரில் ஒளிந்திருக்கும் அருமண் உலோகங்களைப் பிடிப்பது எப்படி?

அருமண் தனிமங்கள் மொத்தம் 17. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15, கூடவே ஸ்காண்டியம், இட்ரியம். பேரில் 'அரு' இருந்தாலும் செரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய தாமிரம் அளவுக்கு இருக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டிலும் இவை உண்டு.

அப்புறம் என்ன கஷ்டம்? பிரிப்பதுதான்! எல்லாமே பெரும்பாலும் +3 அயனி. லாந்தனம் அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியம் 86. பக்கத்துப் பக்கத்து ஆளுக்கு சராசரி வித்தியாசம் 1.2 தான். ஒரே யூனிபார்மில் நிற்கும் இரட்டையர் மாதிரி!

அளப்பதும் சுலபமில்லை. ஆற்று நீரில் இவை துளியூண்டு, உப்புகளோ பல லட்சம் மடங்கு. அதனால முதல்ல இவற்றை மட்டும் ஓரிடத்தில் திரட்டணும். அதற்கு உதவுவது சோப்புக்கு உறவான 'டிரைட்டன் எக்ஸ்-114'. (குளிக்கிற சோப்பு வேலைக்கு ஆகாது. அதற்கு மின்சுமை உண்டு, இதற்கு இல்லை.) ஜப்பானில் வாட்டனபே, டனாகா இருவரும் 1978-ல் துத்தநாகத்துக்கு இந்த வகை முறையைக் காட்டினார்கள்.

நீரில் 8-ஹைட்ராக்சி குயினோலின் என்ற ஈனியைச் சேர்த்து, அமிலத்தன்மையைச் சரிசெய்தால் அது அருமண் அயனியைக் கவ்விக்கொள்ளும். சோடியத்தை விட்டுவிடும். கவ்விய கூட்டுக்குத் தண்ணீர் பிடிக்காது, டிரைட்டன் மூலக்கூறுகள் சேர்ந்த உருண்டைக்குள் (மைசெல்) நுழைந்துவிடும். இப்போ சூடாக்கினால் கரைசல் பால் மாதிரி கலங்கும். எக்ஸ்-114 சுமார் 23 டிகிரியிலேயே கலங்கிடும், நம்ம ஊர் வெயிலே போதும்! மைய விலக்கியில் சுற்றினால் அடியில் கெட்டியான ஒரு சொட்டு தங்கும். உலோகம் அதில்தான்.

ஆனா இதில் அருமண் எல்லாம் கூட்டமாத்தான் வரும். தனித்தனியா அடையாளம் காட்டுவது பிளாஸ்மா கருவி. ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளி விடும்.

கணக்கு பார்ப்போமா? 50 மி.லி. நீரை எடுத்தோம். கடைசிச் சொட்டை அமிலம் கலந்த ஆல்கஹாலில் கரைத்து 1 மி.லி. ஆக்கினோம். கருவி லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்றது. 8 ÷ 50 = 0.16. அவசரப்படாதீங்க! அதே நீரில் தெரிந்த அளவு உலோகத்தைக் கலந்து சோதித்தபோது 80 சதவீதம்தான் திரும்ப வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போ 0.16 ÷ 0.80 = 0.20 மைக்ரோகிராம். வெறும் காய்ச்சி வடித்த நீரையும் இதே மாதிரி செய்து பார்க்கணும். மருந்துகளிலேயே கொஞ்சம் உலோகம் இருந்தால் அதைக் கழிக்கணுமே!