உங்கள் தொழிலுக்கு எந்த எண்?

பாறசாலை, பனச்சமூடு பகுதிகளில் எல்லையின் இருபுறமும் ரப்பரையும் வாழையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. எல்லையைத் தாண்டினால் மாநிலம் மாறும். உத்யம் பதிவில் எழுதும் தொழில் எண் மாறாது. அவ்வெண்ணைத் தருவது தேசியத் தொழில் வகைப்பாடு. அதன் 2008ஆம் ஆண்டுப் பட்டியலில் 21 பிரிவுகளும் 1304 உட்பிரிவுகளும் உள்ளன.

ஐந்து இலக்கங்களில் முதல் இரண்டைப் பார்த்தாலே தொழிலின் இனம் விளங்கும். வாழை பயிரிடுவது 01. அதன் காயைச் சீவி வறுத்துச் சிப்ஸ் ஆக்குவது 10. பிறர் செய்த சிப்ஸை வாங்கிக் கடையில் விற்பது 47. ரப்பர் மரம் வளர்ப்பதும் 01தான். ரப்பர் ஷீட்டை மொத்தமாக வாங்கி விற்பது 46. ரப்பர் பொருள் உற்பத்தி 22. ஒருவரே பல பணிகளைச் செய்தால், கூடுதல் மதிப்பை மிகுதியாக ஈட்டும் பணியே முதன்மைத் தொழிலாகும். மற்றவற்றையும் பதிவில் சேர்க்கலாம்.

இதில் பொருள் இழப்பும் உண்டு. சில்லறை, மொத்த வணிகர்கள் 2021 ஜூலை 2 முதல் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அவர்களுக்குரிய பயன் முன்னுரிமைத் துறைக் கடன் மட்டுமே. சரக்கு பெற்றவர் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு உண்டு, வணிகருக்கு இல்லை. சிப்ஸ் வறுத்து ஊர்க்கடைகளுக்கு அனுப்புபவர் 47 என்று மட்டும் எழுதியிருந்தால், நிலுவையைக் கேட்கும் நாளில் அவர் கை தாழ்ந்துவிடும்.

தொழில்கள் மாறும்போது பட்டியலும் மாறவேண்டும். ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டு வகைப்பாடு 2023இல் ஐந்தாம் முறையாகத் திருத்தப்பட்டது. இடைத்தரகுச் சேவைகளுக்குத் தனி வகுப்புகள் வந்தன. நம் பட்டியலும் பன்னாட்டு வகைப்பாட்டையே அடியொற்றி அமைவது.

இத்தகைய திருத்தங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும்போது, அது அறிஞர்களின் வேலை என்று சிறுதொழில் செய்வோர் ஒதுங்கிவிடலாகாது. “எங்கள் தொழில் பட்டியலில் இல்லை” என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. வாங்கும் மூலப்பொருள், அதன்மேல் செய்யும் வேலை, விற்கும் பொருள் ஆகிய மூன்றையும் விளக்கி, இப்போது எந்த எண்ணில் அடக்கப்படுகிறோம், அது ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அதற்கு முன், உங்கள் உத்யம் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள எண் நீங்கள் உண்மையில் செய்யும் தொழிலைச் சொல்கிறதா என்று பாருங்கள். பிழையிருப்பின் உத்யம் தளத்தில் கட்டணமின்றித் திருத்தலாம். ஐயமிருப்பின் கிளைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.