கூட்டம் வேறு, வியாபாரம் வேறு: பார்சிலோனா மார்க்கெட்டுகள் தரும் பாடம்

நம் வணிகப் பெருமக்கள் இப்போது குடும்பத்தோடும் குழுவாகவும் வெளிநாட்டுச் சுற்றுலா போய்வருகிறார்கள். கோட்டை, கோயில், கடற்கரை எல்லாம் பார்க்கிறோம். நம் தொழிலுக்குப் பாடம் சொல்லித்தரும் இடம் ஒன்றும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அது அந்த ஊர் மக்கள் மீனும் காய்கறியும் வாங்கும் மார்க்கெட். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் காலையில் இரண்டு மணி நேரம் போதும். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஏற்பாடு

அந்நகரில் மாநகராட்சிக்குச் சொந்தமான உணவு மார்க்கெட்டுகள் சுமார் 40 இருக்கின்றன. கட்டடம் மாநகராட்சியுடையது, அதில் கடை நடத்தும் உரிமை வியாபாரிக்கு. இவற்றைக் கவனிப்பதற்கென்றே 1991-ல் தனி அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. காய்கனி மொத்த வியாபாரம் முன்பு ஊருக்குள், போர்ன் மார்க்கெட்டில் நடந்துவந்தது. 1971-ல் அது மெர்காபார்னா என்ற பெரிய வளாகத்துக்கு மாற்றப்பட்டது. கொத்தவால்சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

போக்கேரியா

சுற்றுலாப் பயணிகள் முதலில் போவது ரம்ப்லா வீதியிலுள்ள போக்கேரியா மார்க்கெட்டுக்கு. 1840-ல் தொடங்கப்பட்டது, இரும்புக் கூரை 1914-ல் வந்தது. உள்ளே நுழைந்ததும் நறுக்கிய பழங்களும் பழச்சாறும் கோப்பை கோப்பையாக அடுக்கியிருக்கும். வழிப்போக்கர்களுக்கு ஏற்ற சரக்கு அது. ஆனால் பத்துப் பேர் நின்று படம் எடுத்தால், மீன் வாங்க வந்த உள்ளூர்க்காரர் கடையை நெருங்க முடியாது. இரண்டு முறை பார்ப்பார். மூன்றாம் முறை வேறு கடைக்குப் போய்விடுவார். சுற்றுலாப் பயணி நாளை வருவதில்லை. உள்ளூர்க்காரரோ வாராவாரம் பை நிறைய வாங்குபவர்.

இந்தத் தொல்லை முற்றியதால், 2015-ல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் காலை 8 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரக்கூடாது என்று விதித்தார்கள். வருகிற கூட்டத்துக்கே வரம்பு கட்ட வேண்டிய நிலை வந்தது என்றால், கூட்டம் வேறு, வியாபாரம் வேறு என்பது விளங்குகிறது அல்லவா?

சான் அந்தோனி

அடுத்து, குடியிருப்புப் பகுதி மார்க்கெட் ஒன்றைப் பார்ப்போம். சான் அந்தோனி மார்க்கெட் 1882-ல் திறக்கப்பட்ட இரும்புக் கட்டடம். 2009-ல் தொடங்கிய சீரமைப்பு 2018-ல்தான் முடிந்தது. தோண்டும்போது பழைய நகர மதிலின் பகுதிகள் வெளிப்பட்டன, வேலை நீண்டது. அத்தனை ஆண்டுகளும் வியாபாரிகள் பக்கத்துச் சாலையிலேயே அமைத்த தற்காலிகக் கொட்டகையில் கடை நடத்தினார்கள். வாடிக்கையாளர் பழகிய பாதை மாறவில்லை. நம் ஊர்களில் பழைய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு எழும்போதெல்லாம், 'அதுவரை கடை எங்கே?' என்பதே நம் முதல் கேள்வி. பக்கத்திலேயே இடம் கேட்பது பேராசை ஆகாது என்பதற்கு இது நல்ல சான்று.

புதிய கட்டடத்தின் நிலத்தடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் இருக்கிறது. பாக்கெட் சரக்குக்காக வருபவர் மேலே வந்து மீனும் இறைச்சியும் வாங்குவார் என்பது கணக்கு. போட்டிக்காரரை ஊருக்கு வெளியே வளரவிடாமல், அவருக்கு வரும் வாடிக்கையைத் தம் பக்கமும் திருப்பும் முயற்சி இது.

கடைகளில் கவனிக்க வேண்டியவை

1. வேக வைத்த கொண்டைக்கடலையும் பீன்ஸ் பருப்பும் எடைபோட்டு விற்கும் கடைகள் உண்டு. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, உப்பைப் போக்கி விற்கும் கடைகளும் உண்டு. நம் ஊரில் இட்லி மாவு விற்பது போலத்தான். வீட்டு வேலையைக் கடை ஏற்றுக்கொண்டால், அதற்குரிய கூலி விலையில் சேர்கிறது.

2. திங்கட்கிழமை பல மீன் கடைகள் மூடியிருக்கும். ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போவதில்லை. பழைய மீனை விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட ஒருநாள் கடை அடைப்பது மேல்.

3. வரிசை கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வருபவர் 'கடைசி ஆள் யார்?' என்று கேட்டுவிட்டு, அவருக்குப் பின் தம் முறை என்று அமைதியாக நிற்கிறார். தள்ளுமுள்ளு இல்லை.

4. பழத்தைக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. கடைக்காரரே எடுத்துத் தருவார். படம் எடுக்கு முன் அனுமதி கேளுங்கள். சிறிதாவது வாங்குங்கள். நாமும் அங்கே சுற்றுலாக் கூட்டத்தில் ஒருவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

முடிவாக

ஊர் திரும்பியதும் நம் கடையில் ஒரு வாரம் இதைச் செய்து பார்க்கலாம். அன்றாடம் வந்தவர்களில் தெரிந்த முகம் எத்தனை, புது முகம் எத்தனை என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே குறித்து வைப்போம். திருவிழா, பண்டிகை நாட்களின் கூட்டம் லாபம்தான், வரட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே நம் பழைய வாடிக்கையாளர் கால் கடுக்க நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஆண்டு முழுவதும் கடை வாடகையைக் கட்டுவது அவர் பைதான்.