வேலை செய்தது தீ, பேர் வாங்கியது சீரகம்

புனேயின் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கியது 1869-இல். அந்தத் தொழிற்சாலை, ராணுவப் பொறியாளர் படை என்று வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. ஊர் மாறியும் பானை மாறவில்லை. வெயில் ஏறினால் மண்பானையும் வெட்டிவேரும் வீட்டுக்கு வந்துவிடும். கடையில் வெட்டிவேரை ‘வாளா’ என்று மராத்தியில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இதே புனேயில் 2025 ஜனவரியில், சின்ஹகட் சாலைப் பக்கம் ஜி.பி.எஸ். என்ற கில்லன் பாரே நோய் பரவியது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் நரம்புகளையே தாக்க, கால் மரத்து நடை தளரும் நோய் அது. சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. நோயாளிகள் சிலரின் மல மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் கிருமி இருந்தது. அசுத்தமான தண்ணீரிலும் சரியாக வேகாத கோழிக்கறியிலும் வருவது இது. தண்ணீர் விஷயத்தில் நாம் நம்பி வருவதை ஒருமுறை சோதித்துப் பார்க்க இது போதாதா?

நம்பிக்கை: துளசி, வெட்டிவேர், பச்சைக் கற்பூரம் போட்டால் தண்ணீர் சுத்தமாகும்.
உண்மை: ருசியும் மணமும் கூடும், அவ்வளவுதான். துளசிச் சாறு கிருமியைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது செறிவான சாறு. பானைக்கு நாலு இலை அந்த வேலையைச் செய்யாது. வெட்டிவேர் முடிச்சை நாள்கணக்கில் ஊறவிட்டுத் தொட்டுப் பாருங்கள், விரலில் வழவழக்கும். அந்த வழவழப்பு கிருமிகள் கூடிக் கட்டிய படலம். முடிச்சை அடிக்கடி எடுத்து, கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பச்சைக் கற்பூரம் வாசனைக்குத் துளிதான். கற்பூரம் எதுவானாலும் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம், எட்டாத இடத்தில் வையுங்கள்.

நம்பிக்கை: சீரகத் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் வராது.
உண்மை: பாதி சரி. சீரகத்தைப் போட்டுக் கொதிக்க வைக்கிறோமே, அந்தக் கொதிதான் காப்பாற்றுகிறது. கேரளத்தில் பதிமுகம் போட்ட சிவப்புத் தண்ணீரின் சூட்சுமமும் அதுதான். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். ஆறிய தண்ணீரில் கழுவாத இலையைப் போட்டாலோ கைவிட்டு மொண்டாலோ காய்ச்சியது வீண்.

நம்பிக்கை: தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர்.
உண்மை: தேற்றான்கொட்டையை உரைத்து விட்டாலும் முருங்கை விதையை அரைத்துக் கலக்கினாலும் கலங்கல் அடியில் படியும். நம் முன்னோர் கண்ட நல்ல உத்தி. அதோடு கிருமிகளும் கொஞ்சம் படியும், எல்லாம் போகாது. தெளியவைத்ததையும் காய்ச்சத்தான் வேண்டும். ஆர்.ஓ. கேன் தண்ணீரும் விதிவிலக்கல்ல. ஜி.பி.எஸ். பரவியபோது தனியார் ஆர்.ஓ. நிலையங்கள் சிலவற்றை மாநகராட்சியே மூடியது. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்த உப்பின் அளவை. கிருமிக் கணக்கு அதற்குத் தெரியாது.

நம்பிக்கை: குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை வந்தால் கெட்ட தண்ணீர்.
உண்மை: லேசான குளோரின் வாடை வந்தால் கிருமியை அடக்க இன்னும் மருந்து மிச்சமிருக்கிறது என்று பொருள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கச் சொல்கிறது. குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்க வேண்டும். வாடை பிடிக்காவிட்டால் அகலப் பாத்திரத்தில் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டுக் குடியுங்கள்.

நம்பிக்கை: செம்புக் குடம் கிருமியைக் கொல்லும்.
உண்மை: கொல்லும், ஆனால் மெதுவாக. காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்து, இந்திய ஆய்வாளர்கள் 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கிருமிகள் பிழைக்கவில்லை. காலையில் ஊற்றி மதியம் குடித்தால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பை அதில் ஊற்றக் கூடாது.

தண்ணீரில் போடும் மூலிகை போகட்டும், பரீட்சைக்கு நம்பும் மூலிகைகளையும் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: பரீட்சைக்கு முன் வல்லாரை தின்றால் ஞாபகம் கூடும்.
உண்மை: பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வல்லாரையால் நினைவாற்றல் கூடுவதற்குத் தெளிவான சான்று இல்லை என்றது. நீர்ப்பிரமி வேறு செடி. அதற்குச் சான்று சற்று மேல் என்றாலும், சோதனைகளில் அதைப் பல வாரங்கள் தினமும் கொடுத்தார்கள். வல்லாரைத் துவையல் நல்ல கீரை உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஈரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்வது என்பதால், பச்சையாக அரைக்குமுன் நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும்.

நம்பிக்கை: மூலிகை எண்ணெயின் மணம் மூளையைக் கூர்மையாக்கும்.
உண்மை: இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா பல்கலைக்கழகத்தினர் 2003-இல் 144 பேரிடம் சோதித்தார்கள். ரோஸ்மேரி மணத்தில் நினைவின் தரம் உயர்ந்தது, வேகமோ குறைந்தது. லாவெண்டர் மணத்தில் சட்டென நினைவில் வைத்துச் செய்யும் வேலை சரிந்தது. மணத்துக்கு மணம் பலன் மாறுகிறது என்பதற்குமேல் இதை வைத்து மதிப்பெண் கணக்குப் போட முடியாது.

பரீட்சைக்கும் தண்ணீருக்கும் ஒரு தொடர்பு உண்டு. உடல் எடையில் சுமார் 2 சதவீதம் அளவுக்கு நீர் வற்றினாலே கவனம் பிசகும். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது ஒரு லிட்டர்தான். கோடையில் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். வெட்டிவேர் மணம் வேண்டுமானால், அதையும் தண்ணீரோடு சேர்த்தே கொதிக்க விடுங்கள்.