பால் கணக்கு எங்கே செல்கிறது?

பால்மரம் வெட்டுவோர் வாளிகளைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு வருகின்றனர். பால் நிறுக்கப்படுகிறது. எடையைக் கிராணியார் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். மாத முடிவில் அது சம்பளக் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்ததெனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்த எண் தோட்டத்தின் எல்லையைத் தாண்டியும் செல்வதுண்டு.

இதற்குச் சான்றாக ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மர இனத்தையே காட்டலாம். சாவகத் தீவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் இனத்தையும், சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் பி.பி. 86 என்னும் இனத்தையும் கலந்து, 1925ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அதனை உருவாக்கியது. (அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகர் எழுந்துள்ளது.) புதிய இனத்தை உருவாக்குவது மட்டும் போதாது. அது எந்த மண்ணில் நன்கு பால் தரும், பலத்த காற்றில் முறியுமா, எத்தனை ஆண்டு வெட்டிய பின் சோரும் என்பனவற்றை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அறிய இயலாது. பல தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக நிறுத்தெழுதிய எடைகள் கழகத்திற்கு வந்தன. கழகம் அவற்றைத் தொகுத்து, இன்ன இனத்தை நடலாம் எனப் பரிந்துரை வெளியிட்டது. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்களும் இதில் தம் விளைச்சல் கணக்கை மறைக்கவில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 பின்னர் தாய்லாந்திலும் மிகப் பரவலாக நடப்பட்டது. கணக்கைப் பகிர்ந்ததால் விளைந்த நன்மை இது.

எனினும் பகிரப்படும் எண் சரியான எண்ணாக இருத்தல் வேண்டும். பாலில் உள்ள ரப்பர் பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையே. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். ரப்பர் அளவு நூற்றுக்கு 35 எனில் 7 கிலோ உலர்ந்த ரப்பர் கிடைக்கும். 30 எனில் 6 கிலோதான். வாளியின் எடை ஒன்றே; கணக்கில் ஒரு கிலோ குறைகிறது. எனவே எடையைப் பார்ப்பதோடு நில்லாமல், மெட்ரோலாக் கருவி காட்டும் அளவையும் ஒவ்வொருவரும் கேட்டறிதல் வேண்டும். அதனைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

இன்னொன்றும் உண்டு. எண் காரணத்தைச் சொல்லாது. ஒரு நிரையில் பால் குறைந்ததென ஏடு காட்டும். காலையில் மழை பெய்ததையோ, பட்டை வறண்டு பால் நின்றுபோன மரங்கள் அங்கே எத்தனை என்பதையோ அது காட்டாது. முன்பு மண்டோர் அந்தக் காட்டை நேரில் அறிந்தவராதலால் காரணத்தைத் தாமே சொல்லிவிடுவார். இப்போது சில இடங்களில் எடை நேரே கைத்தொலைபேசியில் பதிவாகி, தோட்டத்தைக் கண்டறியாத ஒருவரின் மேசைக்குச் செல்கிறது. அவருக்குத் தெரிவது ஒரு தொழிலாளியின் எண்ணும் குறைந்த எடையும் மட்டுமே. ஆகவே மழையையும் வறண்ட மரங்களின் தொகையையும் எடையோடு சேர்த்துப் பதியச் செய்தல் அவசியம்.

கருவிகளை விற்கும் நிறுவனங்கள் பல. ஒன்றின் கணக்கு முறை மற்றொன்றுக்குப் பொருந்தாவிடின், நிறுவனத்தை மாற்றும் தோட்டம் தன் பழைய விவரங்களை இழக்க நேரிடும். பொதுவான ஒரு முறை வேண்டுமென்று சொல்லப்படுவது இதனாலேயே. வெளிநாடுகளும் விவரம் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம், ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்பதைக் காட்டும் இட அளவுகளைக் கோருகிறது. அதன்படி 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமாயின் எல்லை முழுவதையும் குறித்தல் வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். மரத்தின் இனம், வயது, நிலத்தின் விளைச்சல் ஆகியவை மரத்தைப் பற்றிய விவரங்கள். அவை எவ்வளவு தாராளமாகப் பகிரப்படுகின்றனவோ அவ்வளவு நன்று. ஆனால் ஒருவருடைய பெயரோடு சேர்ந்த எடையும் வருகைப் பதிவும் அவரைப் பற்றிய விவரங்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவது முறையன்று. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத் தொடர்பில் திரட்டப்படும் தம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பார்க்கவும், பிழையிருப்பின் திருத்தக் கோரவும் ஒருவருக்கு உரிமை அளிக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டமோ, தொழிலாளர் பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டுமென்றும், அதன் விவரங்கள் குறைந்தது ஆறு ஆண்டுகள் பார்வைக்குக் கிடைக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. ஏட்டின் இடத்தில் கருவி வந்துவிட்டதால் இக்கடமை நீங்கிவிடாது.

சம்பளச் சீட்டில் ஐயம் எழுந்தால் முதலில் கிராணியாரிடமும், பின்னர் தொழிற்சங்கத்திடமும், தேவையாயின் தொழிலாளர் இலாகாவிடமும் முறையிடலாம். அப்போது கையில் சொந்தக் குறிப்பு இருப்பது பெருந்துணையாகும். சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்றே போதும். தேதி, நிரையின் எண், பாலின் எடை, மெட்ரோலாக் அளவு, ஒட்டுப்பாலின் எடை, மழை பெய்ததா இல்லையா என்பனவற்றை அன்றன்றே எழுதிவரலாம். எழுதப் பழகாத பெற்றோர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.