மதுமேகமும் மிதாகாரமும்

மதுமேகம் கண்டவர்களுக்கு ஊரார் சொல்லும் முதல் யோசனை, அரிசியைத் தள்ளிக் கேழ்வரகைக் கைக்கொள்ளுங்கள் என்பதே. அதில் நியாயம் இருக்கிறது. எனினும், பல வருஷங்களாக இந்த வியாதியோடு வாழ்ந்து, உண்டபின் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவரும் வழக்கமுடைய எனக்கு, தானியத்தின் பெயரைக் காட்டிலும் அதன் அளவும் பக்குவமுமே பிரதானம் என்னும் அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது.

நைசாக அரைத்துச் சலித்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு செம்பு குடித்த காலைகளில் சர்க்கரை விரைந்து ஏறுவதையும், அதே தானியத்தைச் சலிக்காமல் கொரகொரப்பாகத் திரித்து, முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, கல்லில் அடையாகத் தட்டி, பாசிப்பருப்புக் கூட்டோடு நிதானமாக மென்று தின்ற காலைகளில் அந்த ஏற்றம் மட்டுப்படுவதையும் கண்டிருக்கிறேன். நாரும் பருப்பும் ஜீரணத்தைத் தாமதப்படுத்துகின்றன. நைந்த மாவுக்கோ அந்தத் தடையில்லை.

வயிற்றை மூன்று பாகமாகக் கருதி, ஒன்றைத் திட ஆகாரத்துக்கும் ஒன்றைத் திரவத்துக்கும் ஒதுக்கி, மூன்றாவதை வாத பித்த கபங்களின் சஞ்சாரத்துக்கு விட்டுவைக்க வேண்டுமென்கிறது சரக சம்ஹிதை. வள்ளுவரும் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் ஒரு மூலிகையின் பெயரையேனும் சொல்லாமல், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார். இந்தப் பெரியோர் வாக்கை நம் அடுக்களையில் நடத்திக்காட்டுவது கடினமன்று. அரிசியைக் கண்மதிப்பாகப் போடாமல் ஆழாக்கினால் அளந்து போடுவதும், இலையில் பொரியலையும் கூட்டையும் முதலில் உண்டு முடித்துச் சோற்றைப் பின்னால் தொடுவதும், இராப்போஜனத்தைச் சீக்கிரம் முடிப்பதுமே நான் விடாமல் அனுஷ்டிப்பவை.

இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் குறைத்தே ஆகவேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிர்ணயம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான்.

மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள், ஏகாதசி முதலிய உபவாசங்களை மேற்கொள்ளுமுன்பும், பாகற்காய்ச் சாறு போன்றவற்றை நித்தியம் அருந்தத் தொடங்குமுன்பும் வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். இல்லாவிடில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் காணக்கூடும். பத்தியம் பலன் தருகிறதென்ற உற்சாகத்தில் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாமென்று அன்பர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.