நரம்பு என்னும் சொல்லும் உடலின் அமைப்பும்

மானிட தேகத்தின் அமைப்பைக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் தடையாய் நிற்பது தேகமன்று, சொல்லே என்பது நமது துணிபு. தமிழ் பயிலும் நாம் உடற்கூற்றை எழுதப் புகுந்ததும் அதுபற்றியே.

‘நரம்பு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழின் தந்தியை நம் முன்னோர் நரம்பென்றனர். கயிறுபோல் நீண்டு உடலிற் கிடப்பது எதுவாயினும் நரம்பெனல் உலக வழக்கு. உக்கடத்து மீனங்காடியில் அரிவாள்மணை கையைப் பதம்பார்த்தால், “நரம்பு அறுந்துவிட்டது” என்பர். அறுந்தது யாது?

வாசகர் தம் கையையே நோக்குக. அதனைத் தொங்கவிட்டால் புறங்கையில் நீலமாய்ப் புடைப்பன சிரைகள். குருதியை இருதயத்திற்கு மீட்டுச் செல்லும் குழாய்கள். விரல்களை இறுக மடக்கி மணிக்கட்டைச் சிறிது வளைத்தால் உட்புறத்தே விறைத்தெழுவன தசைநாண்கள். விரலை மடக்கும் தசைகளுட் பெரியன முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக்காரன் மறைவில் நின்று கயிற்றை இழுப்பதுபோல் அவை நாண்களைக்கொண்டு விரல்களை இழுக்கின்றன. இனி, முழங்கையின் உட்பக்கம் எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் மட்டும் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒன்று ஓடுகிறதன்றோ? அதுவே மெய்யான நரம்பின் செயல்.

இம்மயக்கம் தமிழர்க்கே உரியதென எண்ணற்க. கிரேக்கரின் ‘நியூரோன்’ என்னும் சொல்லும் நாணையும் வில்லின் கயிற்றையும் குறித்ததே. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன், அலெக்சாந்திரியாவில் பிணங்களை அறுத்தாய்ந்த ஹெரோபிலஸ் நரம்பை நாணினின்றும் பிரித்தறிந்தார்.

வேற்றுமை அவற்றின் ஆக்கத்திலேயே உள்ளது. ஓரினத்து உயிரணுக்கள் கூடித் திசுவாகும். திசுக்கள் கூடி உறுப்பாகும். உறுப்புக்கள் ஒரு தொழிலுக்கென இணைந்து மண்டலமாகும். திசு என்பது ‘நெய்தது’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. தறியொலி கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டார்க்கு இதனை விரிக்க வேண்டா! போர்த்துவது, இணைப்பது, சுருங்குவது, செய்தி கடத்துவது எனத் திசு நால்வகைப்படும். நாண் இணைப்புத் திசுவின் முறுக்கு. நரம்பின் உள்ளீடு செய்தி கடத்தும் இழைகள். சிரையோ பலவகைத் திசுக்கள் அடுக்காய் அமைந்த குழாய்.

இவற்றையெல்லாம் தமிழிலேயே உரைக்க முயன்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழில் வைத்தியம் கற்பித்து, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூலை 1872இல் வெளியிட்டார். அவர் ஆண்ட சொற்கள் பல இன்று வழங்காவிடினும் அம்முயற்சி பெரிது.

மீனங்காடிக் காயத்திற்கு மீள்வோம். அறுந்தது சிரையாயின், தூய துணியால் அழுத்திப் பிடிக்கப் பெரும்பாலும் குருதி நின்றுவிடும். நின்றதே போதுமெனத் தொழிலுக்குத் திரும்புவோர் பலர். அதற்குமுன் ஒவ்வொரு விரலும் மடங்கி நிமிர்கிறதா, நுனியில் தொடுவுணர்வு உளதா என்று பார்த்தல் வேண்டும். உணர்வு இருந்தும் விரல் மடங்காவிடின் நாண் அறுந்திருக்கலாம். உணர்வே இல்லையேல் நரம்பு. அறுந்த நாணின் முனை உள்ளே சுருங்கிவிடும். நாள் செல்லச் செல்ல அதனை இணைத்தல் அரிதாம்.