சாவியை வீட்டில் வைத்துப் புறப்படுதல்: மல்லேஸ்வரத்து இரவுகளுக்கான வழிகாட்டி

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதில்லை என்ற முடிவை முதல் மிடறுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏனெனில், கைகால்கள் தடுமாறத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, ஓட்டலாமா கூடாதா என்று எடைபோடும் நிதானத்தைத்தான் மது முதலில் மங்கச் செய்கிறது. "மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு பிறப்பது அந்த மங்கலிலிருந்தே.

ஆகவே, முதல் வேலை வாகனத்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டுக் கிளம்புவது. சம்பிகே சாலையையும் மார்கோசா சாலையையும் எண்ணிட்ட குறுக்குச் சாலைகள் அடுத்தடுத்து வெட்டிச் செல்லும் பெங்களூரு மல்லேஸ்வரத்தில், ஓரத்தில் நின்ற வண்டிகளுக்கு இடையிலிருந்து யாரேனும் சாலைக்குள் காலெடுத்து வைப்பது அன்றாடக் காட்சி என்பதால், கண் கண்டதைக் கால் பிரேக்குக்குச் சொல்லும் அந்த நொடிப்பொழுது சற்றே நீண்டாலும் ஓர் உயிர் போகக்கூடும். மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு நிலையத்திலிருந்து பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக் அடுத்த நிலையமே. அங்கே ஊதாத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். கடைசி ரயிலின் நேரத்தைப் புறப்படும்போதே பார்த்து வைத்துக்கொள்வதும், அது தவறினால் ஆட்டோவுக்கோ வாடகைக் காருக்கோ ஆகும் பணத்தைத் தனியே எடுத்து வைப்பதும் நல்லது.

அடுத்தது அளவை அறிதல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறை பிடிபடுபவருக்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. 'லார்ஜ்' எனப்படும் 60 மில்லி விஸ்கியில் ஏறத்தாழ 20 கிராம் தூய மது இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடல் நீரில் அது பரவினால், கணக்குப்படி 40 மில்லிகிராமைத் தாண்டும், எடை குறைந்தவருக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடும். ஒரே ஒரு லார்ஜ் தானே என்பவர் சட்ட வரம்பை அப்போதே கடந்திருக்கக்கூடும். வரம்புக்குள் இருப்பவருக்கும் பாதுகாப்பு உறுதியில்லை.

விருந்தளிப்பவருக்கும் இதில் பொறுப்புண்டு. குடித்தவரோடு வாசலில் நின்று வாதாடுவது பெரும்பாலும் தோற்கும் என்பதால், விருந்து தொடங்குமுன்பே வண்டிச் சாவிகளை வாங்கி ஓரிடத்தில் வைத்துவிட்டு, இரவு தங்க ஒரு பாயும் தலையணையும் தயாராக வைத்திருப்பதே சரியான வழி. அதனால் எழும் மனத்தாங்கல் ஓரிரு நாளில் ஆறிவிடும்; விபத்தின் விளைவோ அப்படியல்ல. 2006 நவம்பர் 12 அதிகாலையில், மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது, மது அருந்தியிருந்தவர் ஓட்டிய கார் ஏறியது. 7 பேர் இறந்தனர், 8 பேர் காயமுற்றனர். ஓட்டியவருக்கு விதிக்கப்பட்ட மூன்றாண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. இறந்தவர்களின் குடும்பங்களுடைய இழப்புக்கோ அப்படியொரு கால வரம்பு கிடையாது.

மறுநாள் காலையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே இரத்தத்தில் உள்ள மதுவின் அளவைக் குறைக்கும்; காபியோ குளியலோ மோரோ அதை விரைவுபடுத்துவதில்லை. நள்ளிரவில் 120 மில்லிகிராம் இருந்தவரின் இரத்தத்தில், சாங்கி ஏரிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வந்து சேரும் காலை 6 மணிக்கும் 30 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். அன்று காலை அலுவலகத்துக்கும் பேருந்தோ மெட்ரோவோதான்.

விபத்தைக் காண நேர்ந்தால் 108ஐ அழைத்து, காயமுற்றவருக்கு உடனே உதவ வேண்டும். நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்குகளிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு காக்கிறது. எவ்வளவு திட்டமிட்டும் குடியை நிறுத்த முடியாதவருக்கு, இதே நகரத்தின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சைக்கெனத் தனி மையம் இயங்குகிறது. வீட்டார் அவரைக் கையோடு அழைத்துச் செல்லலாம்.